5 கிலோ ட்ரை ஐஸ் தோற்றது, ஒரு துண்டு ஃபில்டர் பேப்பர் ஜெயித்தது!

வணக்கம் மக்களே! குரல் கொஞ்சம் ஓங்கி வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், காலையிலிருந்து தரையில் கால் பாவவில்லை. இதோ, பெட்ரி தட்டு. 41 காலனி, அதாவது கண்ணுக்குத் தெரியும் 41 பாக்டீரியாக் குவியல். இரண்டு முறை எண்ணிவிட்டேன்.

போன வீடியோவில் ட்ரை ஐஸ் பார்சலுக்காக அழுதேனே, அது வந்தது. ஒன்பது நாள் சுங்கத்தில் கிடந்துவிட்டு வந்தது. ட்ரை ஐஸ் என்பது உறைந்த கார்பன் டை ஆக்சைடு, மைனஸ் 78.5 டிகிரி, உருகி ஓடாது, நேராக வாயுவாகிக் காற்றோடு போய்விடும். திறந்தால் காலி தெர்மோகோல் பெட்டி, உள்ளே வெதுவெதுப்பாகத் திசு மாதிரிகள். அதிலிருந்து, குளிர் இல்லாவிட்டால் சிதைந்துபோகும் ஆர்என்ஏ மூலக்கூறை எடுக்கலாம் என்று கனவு கண்டவன் நான்! இந்த ஆய்வகத்தில் என் நான்கு மாத விசிட்டில் ஒன்பது நாள் என்பது சும்மாவா?

சரி, ட்ரை ஐஸ் பேச்சே இனி வேண்டாம். அதே வாரம் சாதாரணக் கவரில் என் பிளாஸ்மிட் வந்தது. பிளாஸ்மிட் என்றால் பாக்டீரியாவுக்குள் செலுத்தக்கூடிய ஒரு சின்ன டிஎன்ஏ வளையம். ஃபில்டர் பேப்பரில் ஒரு சொட்டு விட்டு, காயவைத்து, சுற்றி வட்டம் போட்டு அனுப்பியிருந்தார்கள். காய்ந்த டிஎன்ஏவுக்குக் குளிர் தேவையில்லை. அந்த வட்டத்தைக் கத்தரித்து, 50 மைக்ரோலிட்டர் டிஈ பஃபரில் (டிஎன்ஏவைப் பத்திரமாக வைக்கும் கரைசல்) ஊறவைத்து, 5 மைக்ரோலிட்டரை எடுத்து ஈ.கோலை பாக்டீரியா செல்லில் விட்டேன். செல் கடன்தான். பைப்பெட், மேசை எல்லாமே கடன் என்று உங்களுக்குத் தெரியுமே. ஐஸில் அரை மணி, 42 டிகிரியில் 45 நொடி, மறுபடி ஐஸ். இந்தச் சூட்டு அதிர்ச்சியில்தான் டிஎன்ஏ செல்லுக்குள் போகும்.

இருங்கள், ஒன்றை விட்டுவிட்டேன். வட்டம் பென்சிலால் போட வேண்டும்! பேனா மை பஃபரில் கரைந்து டிஎன்ஏவோடு சேர்ந்து வரும். முதல் கவரில் நீலப் பேனா. அன்றைக்கு என் ட்யூபும் நீலம், என் முகமும் நீலம்.

இன்னொன்று, கவரில் வந்தது என்பதற்காகக் காகித வேலை குறையவில்லை. இரு நிறுவனங்களும் கையெழுத்துப் போடும் பொருள் பரிமாற்ற ஒப்பந்தம், உயிரிப் பாதுகாப்புக் குழுவின் அனுமதி, எல்லாம் உண்டு. அதை முடிக்காமல் யாரும் கவர் அனுப்பச் சொல்லாதீர்கள்.

அப்புறம், என் கதவு அட்டை மாலை 6 மணிக்கு மேல் வேலை செய்யாது. விருந்தாளி அட்டையாம். அதனால் தட்டை 37 டிகிரியில் வைத்துவிட்டு ஓடி, விடிந்ததும் கதவு முன்னால் நின்றேன். தட்டில் ஆம்பிசிலின் என்ற ஆன்டிபயாடிக் இருக்கிறது, பிளாஸ்மிட் உள்ளே போன செல்தான் அதில் பிழைக்கும். ஆனால் ஆம்பிசிலின் தட்டை அதிக நேரம் விட்டால் காலனியைச் சுற்றி, பிளாஸ்மிட் இல்லாத செல்களும் பொடிப் பொடியாக முளைக்கும், எனக்கு அதைக் கண்டாலே ஆகாது. 41இல் அந்தப் பொடிகள் சேர்த்தி இல்லை.

ஐயோ, ஒப்பிட்டுப் பார்க்க வைத்த கன்ட்ரோல் தட்டைக் காட்டவே இல்லையே! இது டிஎன்ஏ விடாத செல். கிட்டே வாருங்கள்... ஒன்றுமே இல்லை. எவ்வளவு அழகாக ஒன்றுமே இல்லை, பாருங்கள்!