எடுத்த இடம் சொல்லும் பழக்கம்

நேயர்களுக்கு வணக்கம்.

ஒரு கல்லூரியில் அசைன்மென்ட் எழுத இரண்டு வாரம் கொடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் பன்னிரண்டு நாள் அது நோட்டிலேயே கிடக்கும். பதின்மூன்றாம் நாள் இரவு பத்து மணிக்குக் கைப்பேசியில் தேடல் தொடங்கும். பதினொரு மணிக்கு நான்கு பக்கம் தயார். மறுநாள் காலை ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் எடுத்து, பின் அடித்து, மேசையில் வைத்துவிடுவார்கள். கருத்துத் திருட்டு என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி அந்த ஒரு மணி நேரத்தில் நடப்பதுதான். அதை ஆசிரியரும் நூலகரும் சேர்ந்தால் முதல் நாளிலேயே தடுக்கலாம். எப்படி என்று இன்று பார்ப்போம்.

முதலில் விழுக்காட்டுக் கணக்கு. பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் இதற்கென்றே ஒழுங்குமுறை கொண்டுவந்தது. ஆய்வேட்டில் ஒப்புமை, அதாவது பிறர் எழுதியதோடு ஒத்துப்போகும் பகுதி, 10 விழுக்காடு வரை இருந்தால் தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். 40க்கு மேல் 60 வரை என்றால் ஓராண்டுக்குத் திருத்திய ஏட்டைக் கொடுக்கவே முடியாது. 60ஐத் தாண்டினால் பதிவு ரத்து. இந்த எண்கள் ஆய்வு மாணவர்களுக்கு மனப்பாடம். அதனால், ‘பத்துக்குள்ள கொண்டு வந்துட்டா போதும்’ என்பதே பலருக்குக் குறிக்கோளாகிவிட்டது. 200 பக்க ஆய்வேட்டில் 10 விழுக்காடு என்றால் 20 பக்கம். ஓர் இயல் முழுவதையும் ஒரே நூலிலிருந்து தூக்கி வைத்தாலும் அது 10க்குள் அடங்கிவிடலாம். ஒப்புமை அறிக்கையை எடுத்துத் தரும் நூலகர் மொத்த எண்ணைச் சொல்வதோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. ஒரே மூலத்திலிருந்து அதிகமாக வந்தது எவ்வளவு, அது ஏட்டின் எந்த இயலில் இருக்கிறது என்ற இரண்டையும் குறித்துத் தர வேண்டும். ஐம்பது இடங்களில் சிதறிக் கிடக்கும் 10 விழுக்காடு பெரும்பாலும் பொதுச் சொற்றொடராக இருக்கும். ஒரே இடத்தில் குவிந்த 4 விழுக்காட்டைத்தான் நெறியாளர் உட்கார்ந்து படிக்க வேண்டும்.

முனைவர் பட்ட மாணவர்களுக்கு ஆய்வு, வெளியீட்டு நெறி பற்றி 30 மணி நேரப் பாடம் இப்போது கட்டாயம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்த மாணவர் பள்ளியில் செயல்திட்டம் எழுதத் தொடங்கியே பத்துப் பதினைந்து ஆண்டு ஆகியிருக்கும். அத்தனை காலமும் பார்த்து எழுதியதற்கு ‘குட்’ வாங்கி வந்தவருக்கு, அது தவறு என்று இருபத்தைந்து வயதில் சொல்கிறோம். பழக்க வேண்டிய இடம் பள்ளி. தவறினால் கல்லூரியின் முதல் பருவம்.

பழக்குவது கேள்வியிலிருந்தே தொடங்குகிறது. ‘ஏரிப் பாசனம் பற்றிக் கட்டுரை வரைக’ என்று கேட்டால் விடை ஏற்கெனவே இணையத்தில் இருக்கிறது. மாணவர் அதை எடுத்துத் தருகிறார். அதையே இப்படிக் கேட்டுப் பாருங்கள்: ‘உங்கள் ஊரிலோ பக்கத்து ஊரிலோ உள்ள ஏரி ஒன்றை எடுத்துக்கொள்க. அதன் மதகு, கலிங்கு (மிகுநீர் வழிந்தோடும் இடம்), வரத்துக் கால்வாய் இன்று எந்த நிலையில் உள்ளன? ஏரிப் பாசனம் பற்றி நூலகத்தில் உள்ள இரண்டு நூல்கள் சொல்வதோடு அதை ஒப்பிடுக.’ இந்த விடையை எங்கிருந்தும் அப்படியே எடுக்க முடியாது. நேரில் போய்ப் பார்க்க வேண்டும், இரண்டு புத்தகமாவது திறக்க வேண்டும். சென்ற ஆண்டுக் கேள்வியையே இந்த ஆண்டும் கொடுத்தால் சீனியர் எழுதிய ஏடு விடுதியில் கைமாறும். அதற்கு மாணவரை மட்டும் நொந்து பயனில்லை.

இன்னொரு காரணத்தை யாரும் பேசுவதில்லை. வகுப்பில் அறுபது பேர், தலைப்பு ஒன்று, நூலகத்தில் அந்தப் புத்தகம் ஒரே ஒரு படி. முதலில் வந்தவர் வீட்டுக்கு எடுத்துப் போய்விடுவார். மீதி ஐம்பத்தொன்பது பேர் என்ன செய்வார்கள்? ஆசிரியர் அசைன்மென்ட் தாளை மாணவரிடம் கொடுப்பதற்கு இரண்டு வாரம் முன்பே நூலகரிடம் கொடுக்க வேண்டும். நூலகர் அதற்கான பதினைந்து இருபது நூல்களை எடுத்து, வெளியே கொடுக்காமல், அங்கேயே படிக்கும்படி தனி அடுக்கில் வைக்கலாம். இருப்பு எவ்வளவு என்று பார்த்துத் தலைப்பை ஐந்தாறாகப் பிரித்துப் பத்துப் பத்துப் பேருக்குக் கொடுக்கும்படி ஆசிரியரிடம் சொல்லவும் செய்யலாம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும், இலங்கை நூல்களுக்கு நூலகம் நிறுவனத்தின் தளத்திலும் படமெடுத்து வைத்த பழைய நூல்கள் பக்க எண்ணோடு கிடைக்கின்றன. அந்த இணைப்புகளையும் தாளிலேயே அச்சிட்டுவிட்டால் மாணவர் கண்ட தளத்தில் அலைய மாட்டார்.

நூலக அறிமுக வகுப்பை ஆண்டுத் தொடக்கத்தில் ஒரே நாளில் நடத்தி முடித்துவிடுவது பல இடங்களில் வழக்கம். அப்போது மாணவருக்கு எழுத எதுவும் இல்லை, அதனால் எதுவும் மனத்தில் நிற்பதில்லை. அசைன்மென்ட் கொடுத்த அதே வாரத்தில், அதே தலைப்பை வைத்து, ஒரு பாடவேளை நடத்துங்கள். ஆசிரியரும் கூடவே இருக்க வேண்டும்.

அந்தப் பாடவேளையில் கற்றுக்கொடுக்க ஒன்றே ஒன்றுதான் உண்டு என்றால், குறிப்பு எடுக்கும் முறையைச் சொல்வேன். திருட வேண்டும் என்று நினைக்காத மாணவரும் மாட்டிக்கொள்வது இதில்தான். புத்தகத்திலிருந்து நோட்டில் ஒரு பத்தி எழுதி வைக்கிறார். பத்து நாள் கழித்துப் பார்க்கும்போது அது தன் வாக்கியமா, புத்தக வாக்கியமா என்று அவருக்கே தெரியவில்லை. அப்படியே கட்டுரைக்குள் போய்விடுகிறது. இதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். அஞ்சலட்டை அளவில் தாளை வெட்டிக்கொள்ளட்டும். தாளின் மேல் வரியில் ஆசிரியர், நூல், பதிப்பு ஆண்டு, பக்கம். அதை எழுதிய பிறகுதான் குறிப்பு. புத்தகச் சொல்லை அப்படியே எடுத்தால் மேற்கோள் குறிக்குள், நீல மையில். புத்தகத்தை மூடிவிட்டுத் தன் சொல்லில் எழுதினால் கறுப்பு மையில். தனக்குத் தோன்றியதைப் பென்சிலில். ஒரு தாளில் ஒரு செய்தி. இணையப் பக்கம் என்றால் முகவரியோடு, பார்த்த தேதியும் வேண்டும். பத்துத் தாள் சேர்ந்ததும் கட்டுரை பாதி எழுதியாயிற்று.

‘சொந்த நடையில் எழுது’ என்று சொல்லிவிட்டு விடுவதும் போதாது. மாணவர் அதை, சொல்லுக்குச் சொல் மாற்றுவது என்று புரிந்துகொள்கிறார். ஒரு வாக்கியம் சொல்கிறேன், கேளுங்கள். ‘ஏரியின் கரை உடைவதற்குப் பெருமழை மட்டும் காரணமன்று, கலிங்கும் வரத்துக் கால்வாயும் பராமரிக்கப்படாமல் போனதே முதன்மையான காரணம்.’ இது நூலில் உள்ளது என்று கொள்வோம். மாணவர் எழுதுகிறார்: ‘ஏரிக்கரை உடையக் கனமழை மட்டுமே காரணம் இல்லை; கலிங்கும் வரத்து வாய்க்காலும் பராமரிக்கப்படாததே முக்கியக் காரணம்.’ பெருமழை கனமழையாயிற்று, கால்வாய் வாய்க்காலாயிற்று. எலும்புக்கூடு அப்படியே நிற்கிறது. அடியில் நூலின் பெயரைப் போட்டாலும் இது மாணவரின் வாக்கியம் ஆகாது. சரியாக எழுதினால் இப்படி வரும்: ‘கலிங்கு அடைத்துக் கிடந்தால் சுமாரான மழைக்கே கரை உடையலாம் என்கிறார் இன்னார், எங்கள் ஊர் ஏரியின் கலிங்கில் இப்போது கருவேலம் மண்டியிருக்கிறது.’ யார் சொன்னது என்பதும் இருக்கிறது, மாணவர் கண்ணால் கண்டதும் இருக்கிறது. இப்படி மூன்று வாக்கியங்களைக் கரும்பலகையில் எழுதி, எது சரி, ஏன் என்று மாணவரையே பேச விட்டால் இருபது நிமிடத்தில் விளங்கிவிடும்.

தமிழில் இது புதிய பழக்கமும் இல்லை. தொல்காப்பியர் நூற்பாவுக்கு நூற்பா ‘என்மனார் புலவர்’, ‘என்ப’ என்று சொல்லிக்கொண்டே போகிறார். எனக்கு முன்னே சொன்னவர்கள் இருக்கிறார்கள் என்று சொல்வதில் அவருக்குக் குறைவு ஏதும் வந்துவிடவில்லை. தமிழாசிரியர்கள் இதை வகுப்பில் எடுத்துக்காட்டலாம்.

தமிழ் நூல்களைக் குறிப்பதில் சில சிக்கல்கள் உண்டு. நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. முன்னெழுத்து பெரும்பாலும் தந்தை பெயருக்கு உரியது. அதை விரித்து, குடும்பப் பெயர்போல் ஆங்கில முறைப்படி முன்னால் போட்டால் தந்தையார் நூலாசிரியர் ஆகிவிடுவார். நூலகப் பட்டியலில் பெயர் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதச் சொல்வது நல்லது. மறுபதிப்பில் பக்க எண் மாறும். கையில் இருக்கும் பதிப்பின் ஆண்டைத்தான் போட வேண்டும். சங்கப் பாட்டுக்கும் குறளுக்கும் பக்க எண்ணைவிடப் பாடல் எண் சிறந்தது. குறுந்தொகை 40, குறள் 423 என்றால் எந்தப் பதிப்பிலும் தேடி எடுத்துவிடலாம். விக்கிப்பீடியா இலவசம்தானே, பெயர் எதற்கு என்று மாணவர்கள் கேட்பார்கள். அதன் உரிமமே, எடுத்த இடத்தைச் சொல்ல வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் இருக்கிறது. கட்டுரையின் அடியில் உள்ள மூல நூலுக்குப் போகச் சொல்வது இன்னும் நல்லது.

இனி மென்பொருள். 2019இல் பல்கலைக்கழக மானியக் குழுவின் இன்ஃப்ளிப்நெட் மையம் தொடங்கிய ‘சோத்சுத்தி’ திட்டம் வழியாகப் பல பல்கலைக்கழகங்களுக்கு ஒப்புமை பார்க்கும் வசதி கிடைத்தது. தமிழ் ஏடுகளில் அது சறுக்கும் இடங்கள் உண்டு. பழைய எழுத்துருவில் தட்டிய ஏடு நம் கண்ணுக்குத் தமிழ். கணினிக்கு அது பொருளற்ற ஆங்கில எழுத்துக் கோவை. எதனோடும் ஒப்பாது, விழுக்காடு பூச்சியம் என்று வரும். சோதிப்பது எளிது: கோப்பிலிருந்து ஒரு வரியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். தமிழாக வராவிட்டால் ஒருங்குறியில் (யூனிகோடில்) மாற்றித் தரச் சொல்லித் திருப்பிவிடலாம். ஆங்கிலக் கட்டுரையைக் கணினியில் மொழிபெயர்த்து எடுத்ததையும் மென்பொருள் பெரும்பாலும் பிடிப்பதில்லை. அதை ஆசிரியரின் காதுதான் பிடிக்கும். வாக்கியம் ஆங்கிலக் கட்டில் ஓடும், நம்மூர்ப் பெயர்கள் கூடத் தப்பாக இருக்கும்.

செயற்கை நுண்ணறிவு எழுதியதைக் கண்டுபிடிக்கிறேன் என்று சொல்லும் கருவிகளை நம்பி ஒரு மாணவரைக் குற்றவாளி ஆக்கிவிடாதீர்கள். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் அப்படி ஒரு கருவியை வெளியிட்டு, துல்லியம் போதவில்லை என்று அதே ஆண்டு ஜூலையில் நிறுத்திவிட்டது. அதைவிட உறுதியான வழி நூலகத்திலேயே இருக்கிறது. சாட்ஜிபிடி போன்ற செயலிகள், உலகில் இல்லாத நூலையும் இருப்பதுபோல் எழுதிவிடும். ஆகவே துணைநூல் பட்டியலில் ஒவ்வொரு நூலுக்கும் பக்கத்தில், நூலகம் அந்தப் படிக்குக் கொடுத்திருக்கும் பதிவு எண்ணையும் எழுதச் சொல்லுங்கள். புத்தகத்தைக் கையில் எடுத்தவருக்கு அது அரை நிமிட வேலை. எடுக்காதவர் நூலகத்துக்கு வந்தே ஆக வேண்டும்.

மதிப்பெண்ணையும் பிரித்துவிடுங்கள். பத்து என்றால், நான்காம் நாள் நூல் பட்டியலுக்கு இரண்டு, எட்டாம் நாள் குறிப்புத் தாள்களுக்கு மூன்று, கட்டுரைக்கு மூன்று, கடைசியில் இரண்டு நிமிடம் நேரில் கேட்கும் கேள்விக்கு இரண்டு. அறுபது பேரிடமும் கேட்க நேரம் இருக்காது. ஒரு தடவைக்குப் பதினைந்து பேர் என்று முறை வைக்கலாம். ‘இந்தப் பத்தியை எந்த நூலைப் பார்த்து எழுதினாய்? அதில் உனக்கு உடன்பாடில்லாதது எது?’ என்ற இரண்டு கேள்வி போதும்.

இவ்வளவுக்குப் பிறகும் முதலாண்டு மாணவர் ஒருவர் எடுத்து எழுதியிருந்தால், வகுப்பில் எல்லோர் முன்னாலும் படித்துக் காட்டி அவமானப்படுத்தாதீர்கள். தனியே கூப்பிட்டு, மூலத்தையும் அவர் எழுதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒத்துப்போகும் வரிகளை அவர் கையாலேயே அடிக்கோடிடச் சொல்லுங்கள். பிறகு நூலகரிடம் அனுப்பி, அந்த ஒரு பத்தியை மட்டும் குறிப்புத் தாள் எடுத்து, ஒரு வாரத்தில் திருப்பி எழுதி வரச் சொல்லுங்கள். அந்தப் பத்தியை வாங்கிப் படித்த பிறகு மதிப்பெண் போட்டால் போதும்.

வணக்கம்.