பிளஷ் டேங்கில் கொஞ்சம் சாயம்

நேயர்களுக்கு வணக்கம்.

தண்ணீரைச் சிக்கனமாகச் செலவு செய்யுங்கள் என்று எங்கே பேசினாலும் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "நான் ஒருத்தன் மிச்சம் பிடித்து என்ன ஆகப்போகிறது? பக்கத்து வீட்டுக்காரர் ஹோஸ் போட்டுக் கார் கழுவுகிறாரே!" நியாயமான கோபம்தான். நாம் மட்டும் ஏமாளியா என்கிற எண்ணம் வந்துவிட்டால், எந்த அறிவுரையும் காதில் ஏறாது.

தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரம் இதைக் கையாண்ட விதம் எனக்குப் பிடிக்கும். தொடர்ந்து மழை பொய்த்ததில், 2018 பிப்ரவரியில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 50 லிட்டர்தான் என்று வரம்பு வைத்தார்கள். அணைகளின் இருப்பு 13.5 சதவீதத்துக்கு இறங்கினால் வீட்டுக் குழாய்கள் மூடப்படும், வரிசையில் நின்று ஆளுக்கு 25 லிட்டர் பிடித்துக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னார்கள். கூடவே இணையத்தில் ஒரு வரைபடம் போட்டார்கள். சிக்கனமாக இருக்கும் வீடுகளுக்கு அதில் பச்சைப் புள்ளி! தெரு முழுக்கப் பச்சையாகத் தெரிந்தால் நமக்கும் மனசு வந்துவிடும், இல்லையா? 2015 வாக்கில் நாளொன்றுக்குச் சுமார் 120 கோடி லிட்டர் செலவழித்த நகரம், 2018இல் அதில் பாதிக்கும் கீழே இறங்கியது. எல்லாமே மனமுவந்து நடந்தது என்று சொல்ல மாட்டேன். கட்டணத்தை ஏற்றினார்கள், குழாய் அழுத்தத்தையும் குறைத்தார்கள். ஆனாலும் குழாயை மூடும் நாள் வரவேயில்லை. அப்புறம் மழையும் கைகொடுத்தது.

சரி, நம் வீட்டுக்கு வருவோம். பல் துலக்கும்போது குழாயை மூடுங்கள் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். எனக்குத் தெரியாமல் போனது என் வீட்டு பிளஷ் டேங்க். சத்தமே இல்லை, தரையில் ஈரமும் இல்லை. ஒரு நாள் ராத்திரி டேங்கில் கேசரிப் பவுடரைக் கொஞ்சம் கரைத்துவிட்டு, பிளஷ் செய்யாமல் அரை மணி நேரம் விட்டேன். போய்ப் பார்த்தால் பீங்கானில் ஆரஞ்சு நிறத்தில் மெல்லிய கோடு இறங்கியிருக்கிறது! உள்ளே இருந்த ரப்பர் வாஷர் தேய்ந்திருந்தது. எத்தனை மாதமாக ஒழுகியதோ.

சொட்டும் குழாய்க்கு அடியில் 200 மில்லி டம்ளரை வைத்துப் பாருங்கள். அரை மணியில் நிரம்பினால், ஒரு நாளைக்கு 48 டம்ளர். கிட்டத்தட்ட பத்து லிட்டர். யாரும் குடிக்கவில்லை, குளிக்கவில்லை.

டேங்க் பழைய பெரிய ரகமாக இருந்தால், ஒரு லிட்டர் பாட்டிலில் தண்ணீர் நிரப்பி, இறுக மூடி, மிதவையில் இடிக்காத மூலையில் உள்ளே வைத்துவிடுங்கள். நான்கு பேர், ஆளுக்கு ஐந்து முறை என்றால், தினம் 20 லிட்டர் மிச்சம். செங்கல் வைக்க வேண்டாம். அது கரைந்து வாஷரைக் கெடுத்துவிடும்.

அந்தக் கார் கழுவும் பக்கத்து வீட்டுக்காரர்? அவரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். இந்தச் சாய வித்தையை மட்டும் சொல்லுங்கள். தன் வீட்டு டேங்க் ஒழுகுகிறதா என்று பார்க்க யாருக்கும் கை துறுதுறுக்கும். அவர் வாஷர் மாற்றிய பிறகு, காருக்கு இரண்டு வாளி போதாதா என்று பேச்சை எடுக்கலாம்.