ஆறு நிமிடம்

நேயர்களுக்கு வணக்கம். கிளைடர் விமானம் ஓட்டுகிறேன், அதில் எஞ்சின் கிடையாது என்று சொன்னதும் கேட்பவர் முகம் மாறும். அடுத்து வரும் கேள்வி எனக்கு மனப்பாடம். "காற்று நின்றுபோனால் பொத்தென்று விழுந்துவிடாதா?"

விழாது. இறக்கத்தில் மிதிக்காமல் விட்ட சைக்கிள் போல, கிளைடர் காற்றில் சறுக்கிக்கொண்டே போகும். பல கிளைடர் கிளப்புகளில் பயிற்சிக்கு இருக்கும் ஏஎஸ்கே 21 ரகக் கிளைடர், காற்று அசையாத நாளில் ஒரு கிலோமீட்டர் உயரத்தை இழப்பதற்குள் சுமார் 34 கிலோமீட்டர் போய்விடும்.

ஆனால் கிளப்பில் ஒரு நாள் என்பது பெரும்பாலும் தரையில்தான். காலையில் கொட்டகைக் கதவைத் திறந்து, 17 மீட்டர் நீள இறக்கையை எதிலும் இடிக்காமல் வெளியே கொண்டுவர நாலு பேர் வேண்டும், நாலு பேருக்கும் ஆளுக்கொரு யோசனை இருக்கும். அப்புறம் சோதனை. உள்ளே ஒருவர் கட்டுப்பாட்டுக் கம்பை அசைப்பார். வெளியே ஒருவர் இறக்கையின் அசையும் பகுதியை இறுக்கிப் பிடித்து எதிர்ப்புக் கொடுப்பார். இணைப்பு எங்காவது தளர்ந்திருந்தால் அப்போது தெரிந்துவிடும்.

அதன்பின் வரிசையில் காத்திருக்க வேண்டும். நம் முறை வரும்வரை சும்மா உட்கார முடியாது. இறங்கிய கிளைடரைத் தள்ளி வரவேண்டும், கேபிளை மாட்டவேண்டும், இறக்கை நுனியைப் பிடித்தபடி ஓடவேண்டும்.

மைதானத்தின் மறுமுனையில், கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் தள்ளி, வின்ச் நிற்கும்; கேபிளை வேகமாகச் சுருட்டி கிளைடரை இழுத்து ஏற்றும் எந்திரம் அது. கேபிள் விறைத்ததும் சில விநாடிகளில் சக்கரம் தரையை விட்டுவிடும். மூக்கு செங்குத்தாக நிமிர்வதுபோல் இருக்கும், கண்ணுக்கு வானம் மட்டும்தான். அரை நிமிடம் போல ஆனதும், முந்நூறு நானூறு மீட்டர் உயரத்தில், மஞ்சள் குமிழை இழுத்தால் கேபிள் கழன்று விழும். அதன்பின் காற்றின் இரைச்சல் மட்டும்.

கண்ணாடிக்கு வெளியே, விரல் நீளத்துக்கு ஒரு சிவப்புக் கம்பளி நூல் ஒட்டியிருக்கும். விலை கூடிய கருவிகள் எத்தனை இருந்தாலும் என் கண் அந்த நூலில்தான். அது நேராக இருந்தால் கிளைடர் ஒழுங்காகப் போகிறது. வலப்பக்கம் சாய்ந்தால் இடது காலை அழுத்தவேண்டும். யு-2 உளவு விமானத்திலும் இதே நூல் இருக்கிறது!

மேலே தங்கவேண்டுமானால் வெப்பக் காற்று ஏறும் இடத்தைக் கண்டுபிடிக்கவேண்டும். தரை சமமாகச் சூடாவதில்லை. உழுத வயல், கூரைகள், பாறை என்று சில இடங்களிலிருந்து காற்று தூண்போல எழும். தலைக்கு மேலே பஞ்சு மேகம் புதிதாகத் திரண்டாலோ, பருந்து சிறகடிக்காமல் வட்டமிட்டாலோ அங்கே போகலாம். இடது இறக்கையை யாரோ கீழிருந்து தட்டிவிட்டதுபோல் தூக்கினால் தூண் இடப்பக்கம். உடனே அந்தப் பக்கம் திரும்பவேண்டும். ஏறுகிறோமா இறங்குகிறோமா என்று காட்டும் வேரியோமீட்டர் பீப் பீப் என்று அவசரப்பட ஆரம்பிக்கும். அந்தச் சத்தத்துக்கு ஈடான சங்கீதம் எனக்கு வேறில்லை. அங்கே முதலில் வந்தவர் எந்தப் பக்கம் வட்டமிடுகிறாரோ, பின்னால் வருபவரும் அதே பக்கம்தான் சுற்றவேண்டும்.

சென்ற முறை என் முறை வந்தபோது பிற்பகல். மெல்லிய மேகத்திரை பரவி வெயிலை மூடிவிட்டது. ஒரே ஒரு பீப் கேட்டது, திரும்பினேன், அதுவும் போய்விட்டது. சரி, இறங்கவேண்டியதுதான். எஞ்சின் இல்லாததால் இறங்குவதில் இரண்டாவது வாய்ப்பு கிடையாது. அதனால் வேண்டுமென்றே சற்று உயரமாக வந்து, இறக்கையிலிருந்து மேலெழும் காற்றுத் தடுப்பால் உயரத்தைக் கரைத்து இறங்குவோம்.

எனக்கு அடுத்துப் போனவருக்குத் திரை விலகிவிட்டது. 50 நிமிடம் கழித்துச் சிரித்துக்கொண்டே இறங்கினார். அவர் கிளைடரைத் தள்ள ஓடியவர்களில் நானும் ஒருவன். மாலையில் பதிவேட்டில் என் பெயருக்கு நேரே எழுதினேன்: 6 நிமிடம்.