முகம் கொஞ்சம் காத்திருக்கட்டும்

அனைவருக்கும் வணக்கம்.

மனிதர்களை வரையக் கற்றுக்கொள்ள வந்திருக்கிறீர்கள். நான் பேசத் தொடங்கும் முன்பே சிலர் வரையத் தொடங்கிவிட்டதைப் பார்த்தேன். எல்லாத் தாளிலும் ஒரு கண். அதிலும் இமை மயிர் ஒவ்வொன்றாக! கண்ணை இழைத்து இழைத்து வரைவோம், அழகாக வந்தும்விடும். அடுத்த கண் அதோடு சேராது. கழுத்துக்கு வருவதற்குள் தாளில் இடம் தீர்ந்திருக்கும்.

இன்று நான் சொல்லப்போவது ஒன்றுதான். முகத்தைக் கொஞ்ச காலம் தள்ளிப்போடுங்கள். ஆள் எப்படி நிற்கிறார் என்பதிலிருந்து தொடங்குங்கள்.

முகம் இல்லாமல் ஆள் ஏது என்று கேட்பீர்கள். தெருக்கோடியில் தெரிந்தவர் ஒருவர் வருகிறார். கண்ணும் மூக்கும் தெரியாத தூரம். ஆனாலும் இன்னார் என்று கண்டுபிடித்துவிடுகிறீர்கள். தோள் சாய்வு, தலையை நீட்டியபடி நடப்பது, கையை வீசுவது - அடையாளம் அங்கே இருக்கிறது.

எல்லோரும் ஒரு நிமிடம் எழுந்து நில்லுங்கள். உடம்பின் எடை முழுவதையும் வலது காலில் போடுங்கள். இடது முழங்காலைத் தளர விடுங்கள். இப்போது இடுப்பின் இரண்டு பக்கமும் கை வையுங்கள். வலப்பக்கம் மேலே ஏறியிருக்கிறதா? தாங்கும் கால் இடுப்பை மேலே தள்ளுகிறது; தளர்ந்த பக்கம் கீழே இறங்குகிறது. அப்படியே விட்டால் உடம்பு ஒரு பக்கம் சாய்ந்துவிடும். அதைச் சரிக்கட்ட முதுகெலும்பு வளைந்து, தோள்கள் எதிர்ப்பக்கம் சாய்கின்றன. வலது விலா நெருங்கி மடிப்பு விழுகிறது, இடது விலா நீள்கிறது. சரி, உட்காருங்கள்.

பழைய கிரேக்கச் சிலைகள் இரண்டு காலிலும் எடையைச் சமமாகப் போட்டு விறைத்து நிற்கும். கி.மு. 480 வாக்கில் சிற்பிகள் எடையை ஒரு காலுக்கு மாற்றினார்கள். கல்லுக்கு உயிர் வந்ததுபோல் ஆயிற்று. நம் சிற்பங்களில் திரிபங்கம் என்று பார்க்கிறீர்களே, தலை ஒரு பக்கம், உடல் ஒரு பக்கம், இடுப்பு ஒரு பக்கம் என்று மூன்று வளைவு, அதிலும் எடை சாயும் கால் ஒன்றுதான்.

இதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. கொத்தனார் வைத்திருக்கும் தூக்குக்குண்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒற்றைக் காலில் எடை போட்டு நிற்பவரை நேர் எதிரே பார்க்கும்போது, கழுத்தடிக் குழியிலிருந்து நூலைத் தொங்கவிட்டால், அது தாங்கும் காலின் பாதத்துக்கு அருகே வந்து விழும். நீங்கள் வரைந்த ஆள் கீழே விழப்போவதுபோல் தெரிந்தால், பெரும்பாலும் இந்தக் கோடுதான் தவறியிருக்கும். எதையும் பிடிக்காமல், சாயாமல் நிற்பவருக்கே இந்தக் கணக்கு. சுவரில் சாய்ந்தவருக்கு எடையில் ஒரு பங்கைச் சுவர் வாங்கிக்கொள்கிறது.

வரையும் விதத்துக்கு வருகிறேன். ஒரு படத்துக்கு ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், முடிந்தால் முப்பது விநாடி. தலைக்கு ஒரு முட்டை வடிவம். முதுகெலும்புக்கு ஒரு கோடு. தோளுக்கு ஒரு சாய்கோடு, இடுப்புக்கு ஒரு சாய்கோடு. தாங்கும் கால் தரை வரைக்கும். பிறகுதான் மற்றொரு கால், கைகள். மணிக்கட்டை மட்டும் அசைத்து வரையாமல், தோளிலிருந்து கையை வீசுங்கள். அப்போதுதான் கோடு நீளமாக ஓடும். ரப்பர் வேண்டாம். நேரத்தைக் குறுக்குவதே இமை மயிருக்குப் போக விடாமல் தடுக்கத்தான். பென்சில் 2பி போதும், தாள் எதுவானாலும் சரி. அதைப் பற்றிக் கேள்வி கேட்டே காலத்தைக் கழிப்பவர்கள் உண்டு.

நிலை கைக்கு வந்தபின் அளவு. தலையின் உயரத்தை ஓர் அளவாகக் கொண்டால், வளர்ந்தவர் சுமார் ஏழரைத் தலை உயரம். ஒரு வயதுக் குழந்தை நான்கு தலை அளவுதான். பெரியவரைச் சிறிதாக்கி வரைந்தால் குழந்தை ஆகாது. நம் சிற்பநூல்களில் தாலம் என்று ஓர் அளவு: பன்னிரண்டு அங்குலம் ஒரு தாலம், நவதாலம் என்றால் ஒன்பது தாலம், அதாவது 108 அங்குலம். இந்த அங்குலம் இன்ச் அல்ல, சிலையின் உயரத்தைப் பகுத்து எடுக்கும் சிறு பங்கு. ஜெர்மானிய ஓவியர் ஆல்பிரெக்ட் டூரர் மனித உடல் விகிதங்களுக்காகவே எழுதிய நூல் 1528இல் வெளிவந்தது. அவர் ஒரே அளவைச் சட்டமாக்கவில்லை. ஒல்லி, தடிமன், நெட்டை என்று பல உடல்களுக்கும் தனித்தனிக் கணக்குப் போட்டார். அதுதான் எனக்குப் பிடித்தது.

நிற்பவரின் உயரத்தில் பாதி எங்கே வரும்? தொடைகள் பிரியும் இடத்தருகே. தொடங்குபவர்கள் கால்களைக் குட்டையாக்குவது வழக்கம், கவனமெல்லாம் மேலே போய்விடுவதால். முகத்திலும் இதே கதை. கண்கள் தலையின் நடு உயரத்தில் இருக்கின்றன. நாமோ நெற்றிக்கு ஏற்றிவிடுகிறோம், மண்டையில் பார்க்க ஒன்றுமில்லை என்று. உள்ளங்கையின் அடியை மோவாயில் வைத்து விரல்களை மேலே நீட்டுங்கள். நெற்றி வரை போகிறதல்லவா? இத்தனை பெரிய கையையா அவ்வளவு சின்னதாக வரைகிறீர்கள்!

இந்தக் கணக்குகள் நிமிர்ந்து நிற்பவருக்கு. அவரே உட்கார்ந்து முழங்காலை உங்கள் பக்கம் நீட்டினால் தொடை ஒரு சாண்கூட இருக்காது. அப்போது ஏழரையை மறந்துவிட்டுப் பென்சிலை நீட்டிப் பிடித்து அளந்துகொள்ளுங்கள், ஒரு கண்ணை மூடி, முழங்கையை மடக்காமல். முழங்கை மடங்கினால் பென்சில் கண்ணுக்கு நெருங்கிவிடும், அளவும் மாறிவிடும்.

பொது இடத்தில் வரையும்போது ஆள் அசைந்துவிடுவார். விட்டுவிட்டுப் பக்கத்திலேயே இன்னொன்று தொடங்குங்கள். பெரும்பாலும் பழைய நிலைக்கே திரும்பி வருவார். வந்ததும் முதல் படத்தைத் தொடரலாம். புகைப்படம் பார்த்து வரைவதை நான் தடுக்கவில்லை. ஆனால் மிக அருகில் எடுத்த படத்தில் மூக்கு பெருத்து, காது ஒடுங்கிப் போயிருக்கும்; அந்தப் பிழையையும் சேர்த்துத்தான் வரைவீர்கள்.

போதும் பேச்சு. தாளைத் திருப்புங்கள். நான் இந்த மேசையை விட்டு விலகி, ஒரு காலில் எடையைப் போட்டு நிற்கிறேன். எந்தக் கால் என்று சொல்ல மாட்டேன். இரண்டு நிமிடம். கண்ணாடியையும் மீசையையும் யாராவது வரைந்தால் தாளை வாங்கிக்கொள்வேன்.