கரும்புள்ளிக்கு மேலே ஒரு மூன்று நிமிடத் துடிப்பு

நேயர்களுக்கு வணக்கம். சூரியக் கரும்புள்ளியை நாம் அசையாத கறையாகவே நினைக்கிறோம். அதன் நடுப்பகுதியான கருநிழலில் காந்தப்புலம், காஸ் என்ற அலகில், 2000 முதல் 3000 வரை இருக்கும். அந்தக் காந்தக் கோடுகளைப் பற்றிக்கொண்டு ஒருவகை ஒலி அலை ஓயாமல் மேலேறுகிறது.

சூரியப் பரப்பு பெரும்பாலும் 5 நிமிடத்துக்கு ஒருமுறை அதிர்கிறது. கருநிழலுக்கு மேலே, பரப்பை அடுத்த வாயு அடுக்கான நிறமண்டலத்தில் பார்த்தால் துடிப்பு 3 நிமிடம். மெதுவாக அசைத்தால் வாயு அடுக்கு முழுவதும் ஒன்றாகவே ஏறி இறங்கிவிடும், அலை கிளம்பாது. வேகமான துடிப்புதான் தப்பி மேலே போகும்.

சாட்டையின் நுனி மெலிந்திருப்பதால்தானே சுள்ளென்று வீசுகிறது? இங்கேயும் அதே கதை. மேலே வாயுவின் அடர்த்தி நூறில் ஒரு பங்கானால் அலையின் வேக வீச்சு பத்து மடங்காகும். முகடு பள்ளத்தை எட்டிப் பிடித்து அதிர்ச்சி அலையாகிறது, வாயு சூடேறி மின்னுகிறது. 1969இல் பெக்கர்ஸ், டாலண்ட் என்ற ஆய்வாளர்கள் கால்சியம் கே கோட்டில், அதாவது கால்சியத்துக்கே உரிய ஒரு நிற ஒளியில், கண்ட கருநிழல் மின்னல்கள் இவைதாம். நிமிடத்துக்கு ஒரு படம் எடுத்தால் அந்தத் திடீர்த் தாவல் நழுவிவிடும். சில நொடிக்கு ஒன்று வேண்டும். கருநிழல் மங்கல் என்பதால் அக்கம்பக்கத்து வெளிச்சம் சிதறி விழுந்தும் அளவு கெடும்.

இப்போது எனக்கு மிகப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். 1972இல், கருநிழலைச் சுற்றியுள்ள புறநிழலில் வளையம் வளையமாக வெளியே ஓடும் அலைகளைக் கண்டார்கள். உண்மையில் ஓடுகின்றனவா? திருவிழாவில் சீரியல் செட் பார்த்திருப்பீர்கள். வெளிச்சம் ஓடும், பல்பு எதுவும் நகராது. புறநிழலில் காந்தக் கோடுகள் வெளிப்பக்கம் போகப் போகச் சாய்கின்றன. கீழே ஒன்றாகப் புறப்பட்ட அலைகளில் நேர்வழி வந்தது முதலில் சேரும், சாய்வழி வந்தது பிந்திச் சேரும். அந்தத் தாமதம்தான் நம் கண்ணுக்கு ஓட்டம். பெரும்பாலும் விளக்கம் இதுதான். சீரியல் செட்டை மறந்துவிடாதீர்கள். சாய்ந்த கோட்டின் வழியே ஈர்ப்பு இழுப்பது குறைவு. அதனால் 5 நிமிட அதிர்வும் அங்கே மேலேறிவிடுகிறது.

ஒன்றைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். 1909இல் கொடைக்கானலில் வானியலாளர் எவர்ஷெட் கண்டுபிடித்தது இதே புறநிழலில், ஆனால் கீழடுக்கில், வெளிநோக்கிப் பாயும் வாயு. அது ஆற்றோட்டம், இது அலை.

நேரம் நெருங்கிவிட்டது, சூரியனின் வெளி வளிமண்டலமான கொரோனாவைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பத்து லட்சம் டிகிரி வெப்பமுள்ள அங்கே இந்த அலை நொடிக்கு நூறு கிலோமீட்டர் அளவில் போகும். வெப்பக் கடத்தலால் விரைவில் தேய்ந்தும் போகும். கரும்புள்ளி வட்டாரத்துக் கொரோனாவைச் சூடாக்க அதன் ஆற்றல் போதாது. நன்றி, வணக்கம்.