வேடம் கலைவதும் வாக்குத் தவறுவதும்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

தொழில்முறை ரெஸ்லிங் பற்றிப் பேச எழுந்தால் நம் ஊரில் முதலில் வந்து விழும் கேள்வி, “அதெல்லாம் செட்டப்தானே?” என்பது. அண்டர்டேக்கருக்கு ஏழு உயிர் என்று சத்தியம் செய்து டிரம்ப் கார்டு ஆடியவர்கள்தான் இன்று இதைக் கேட்கிறார்கள்! செட்டப்தான். அதை அமெரிக்காவின் பெரிய ரெஸ்லிங் நிறுவனமான டபிள்யூ.டபிள்யூ.எஃப். (இன்றைய பெயர் டபிள்யூ.டபிள்யூ.இ.) தானே 1989-இல் நியூ ஜெர்சி மாநில சட்டமன்றத்தின் முன் ஒப்புக்கொண்டது. குத்துச்சண்டை போன்ற விளையாட்டுகளை மேற்பார்க்கும் அரசு ஆணையத்தின் பிடியிலிருந்து விடுபட வேண்டியிருந்தது. “நாங்கள் போட்டி நடத்தவில்லை, பொழுதுபோக்கு நடத்துகிறோம்” என்று சொல்லி விடுபட்டார்கள்.

ஆகவே அந்தக் கேள்வியை வாசலிலேயே விட்டுவிடுவோம். இன்று பேச வேண்டியது வேறு. ரிங்கில் இறங்கும் ஒருவர் இரண்டு வாக்குகளோடு இறங்குகிறார். ஒன்று, பார்வையாளருக்குக் கொடுத்தது: நான் போட்ட வேடம் வெளியிலும் கலையாது. ‘கேஃபேப்’ என்று அந்தத் தொழிலில் சொல்வது இதைத்தான். மற்றது, எதிரே நிற்பவருக்குக் கொடுத்தது: பேசிய முடிவை மாற்றமாட்டேன், நீ என்னிடம் ஒப்படைக்கும் உடம்பைப் பத்திரமாகத் தரையில் சேர்ப்பேன். இரண்டில் எது உடைந்தாலும் ‘ஸ்கிரிப்டை மீறிவிட்டார்’ என்றே ரசிகர்கள் சொல்கிறார்கள். இரண்டும் ஒன்றல்ல என்பதுதான் என் பேச்சு.

முதலில் அந்த ஸ்கிரிப்டில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். வசனம் வசனமாக, அடி அடியாக எழுதிய புத்தகம் ஒன்றும் கிடையாது. கதையைத் தீர்மானிக்கும் ‘புக்கர்’ மூன்று விஷயங்களைச் சொல்வார்: யார் ஜெயிப்பது, எப்படி ஜெயிப்பது, எத்தனை நிமிடம். கடைசிக் கட்டமான ‘ஃபினிஷ்’ மட்டும் அசைவு அசைவாகப் பேசி வைக்கப்படும். நடுவில் வருவதைப் பழைய ஆட்டக்காரர்கள் ரிங்கிலேயே பேசிக்கொள்வார்கள். பெரும்பாலும் வில்லனாகிய ‘ஹீல்’தான் அடுத்து என்ன என்று சொல்லிக்கொண்டு போவார். ஹெட்லாக் போட்டு நிமிடக்கணக்கில் சும்மா கிடக்கிறார்களே என்று சலித்துக்கொள்கிறோம் அல்லவா? அந்த நேரத்தில்தான் ஒருவர் வாய் மற்றவர் முடிக்குள்ளோ அக்குளுக்குள்ளோ மறைந்து, அடுத்த நான்கு அசைவுகளைச் சொல்லிக்கொண்டிருக்கும். கூடவே இருவரும் மூச்சும் வாங்கிக்கொள்வார்கள். தொலைக்காட்சி ஆட்டத்தில் நடுவரின் காதில் சிறு கருவி உண்டு. திரைக்குப் பின்னாலிருந்து “இரண்டு நிமிடம்தான் இருக்கிறது, முடிக்கச் சொல்” என்று வரும் செய்தியை, காயம் பார்ப்பதுபோலக் குனிந்து அவர் இருவரிடமும் கடத்துவார்.

உடம்பு விஷயத்துக்கு வருகிறேன். டபிள்யூ.டபிள்யூ.இ. ரிங் பக்கத்துக்கு 20 அடி. இரும்புச் சட்டம், அதன்மேல் மரப்பலகை, மெல்லிய நுரைத்திண்டு, மேலே இழுத்துக் கட்டிய கேன்வாஸ். அவ்வளவுதான், மெத்தை ஒன்றும் கிடையாது. அதில் விழுவதற்கு ‘பம்ப்’ என்று பெயர். தாடையை மார்போடு ஒட்டி வைக்க வேண்டும். மேல்முதுகு முழுவதும் ஒரே நேரத்தில் பட வேண்டும். கைகளைப் பக்கவாட்டில் சாய்வாக விரித்து உள்ளங்கையால் தரையை அறைய வேண்டும். மூச்சை வெளியே விட வேண்டும். தாடை விலகினால் பின்மண்டை தரையில் மோதி மூளை கலங்கும். பயத்தில் கையைப் பின்னால் ஊன்றினால் மணிக்கட்டோ முழங்கையோ போகும்.

இதெல்லாம் விழுகிறவர் கையில் இருப்பது. தூக்கி எறியும் வித்தைகளில் பாதிப் பொறுப்பு தூக்குகிறவருடையது. தலைகீழாகப் பிடித்து இறக்கும் ‘பைல்டிரைவர்’ முழுப் பொறுப்பையும் அவர்மேலேயே போடுகிறது. பிடிபட்டவர் தலை, பிடித்தவரின் தொடைகளுக்கு இடையில் சற்று மேலே நிற்க வேண்டும். முழங்காலில் இறங்கினால் தலைக்கும் தரைக்கும் இடைவெளி கிடைக்கும். பிட்டத்தில் உட்கார்ந்து இறங்கினால், தலை கொஞ்சம் தொங்கினாலும் முழு எடையும் கழுத்தில் இறங்கிவிடும்.

1997 ஆகஸ்ட் 3-ஆம் தேதி, நியூ ஜெர்சியில் நடந்த ‘சம்மர்ஸ்லாம்’ நிகழ்ச்சியில் இதுதான் நடந்தது. ஓவன் ஹார்ட் உட்கார்ந்து இறக்கினார். ஸ்டீவ் ஆஸ்டினின் கழுத்து அடிபட்டது. சற்று நேரம் கை கால் அசையவில்லை. பேசி வைத்ததோ ஆஸ்டின் ஜெயிப்பது. ஓவன் என்ன செய்தார் தெரியுமா? வேடத்தை விடவில்லை. ஆஸ்டினைத் தொடாமல், கூட்டத்தைப் பார்த்துக் கேலி பேசி, ஆணவம் பிடித்த வில்லனாக நேரத்தை ஓட்டினார். ஆஸ்டின் ஊர்ந்து வந்து, பின்னாலிருந்து ஓவன் காலைப் பிடித்து, குழந்தை இழுத்ததுபோல ஒரு ‘ரோல்-அப்’ போட்டார்; எதிராளியைச் சுருட்டி, நடுவர் மூன்று எண்ணும்வரை தோள்களைத் தரையில் அழுத்தி ஜெயிப்பது அது. ஓவன் தானே சுருண்டு, மூன்று எண்ணும்வரை கிடந்தார். வித்தை பிசகியது, முடிவு பிசகவில்லை. முதல் வாக்கு இரண்டாம் வாக்குக்குக் குடை பிடித்த இடம் இது. வேடம் என்பது ஊரை ஏமாற்ற மட்டும் என்று நினைப்பவர்கள் அந்தச் சில நிமிடங்களைத் திரும்பப் போட்டுப் பாருங்கள்.

சரி, வேடத்தை எவ்வளவு தூரம் காப்பாற்றினார்கள்? 1975 அக்டோபர் 4-இல் வட கரோலினாவின் வில்மிங்டன் அருகே ரெஸ்லர்கள் வந்த ஒரு சிறு விமானம் விழுந்தது. ரிக் ஃப்ளேருக்கு முதுகெலும்பு முறிந்தது. ஜானி வாலண்டைனின் ஆட்டவாழ்க்கை அன்றோடு முடிந்தது. அதே விமானத்தில் அவருடைய ஜென்மப் பகைவராக ரிங்கில் காட்டப்பட்டு வந்த டிம் வுட்ஸும் இருந்தார். ஹீரோவும் வில்லனும் ஒரே விமானத்தில் வந்தது தெரிந்தால் கதை போச்சு. அதனால் தன் சொந்தப் பெயரான வுடின் என்பதைக் கொடுத்து, நிகழ்ச்சி அமைப்பாளர் என்று சொல்லிக்கொண்டார். வதந்தி கிளம்பியதும் அதை அமுக்க, அடிபட்ட உடம்போடு சுமார் இரண்டு வாரத்தில் ரிங்கில் வந்து நின்றார்.

1987-இல் ஜிம் டகனும் அயர்ன் ஷேக்கும் நியூ ஜெர்சி நெடுஞ்சாலையில் ஒரே காரில் போதைப்பொருளோடு போலீஸிடம் சிக்கினார்கள். அமெரிக்கக் கொடி பிடிக்கும் ஹீரோவும் ஈரான் கொடி பிடிக்கும் வில்லனும்! இருவரையும் நிறுவனம் நீக்கியது. போதை மட்டுமல்ல, ஒரே காரில் இருந்ததும் அந்தக் காலத்தில் குற்றம்தான்.

அடுத்து 1996 மே 19, நியூயார்க் மேடிசன் ஸ்குவேர் கார்டன். கெவின் நாஷும் ஸ்காட் ஹாலும் போட்டி நிறுவனமான டபிள்யூ.சி.டபிள்யூ.வுக்குப் போகப்போகிறார்கள். கூண்டுச் சண்டை முடிந்ததும், சற்று முன்வரை அடித்துக்கொண்டவர்கள், ஷான் மைக்கேல்ஸ், டிரிபிள் எச் உட்பட நால்வரும் ரிங்கின் நடுவில் கட்டித்தழுவிக் கூட்டத்துக்குக் கை அசைத்தார்கள். தொலைக்காட்சியில் வராத நிகழ்ச்சி. ஆனால் ரசிகர் ஒருவர் கேமராவில் பதிந்துவிட்டார். தண்டனை யாருக்கு? இருவர் வெளியேறுகிறவர்கள், மைக்கேல்ஸ் சாம்பியன். மிஞ்சியது டிரிபிள் எச். அவருக்கென்று வைத்திருந்த ‘கிங் ஆஃப் தி ரிங்’ வெற்றி, ஜூன் 23-இல் ஸ்டீவ் ஆஸ்டினுக்குப் போனது. அன்று மேடையில் பைபிள் வசன எண்ணைப் பகடி செய்து அவர் சொன்ன ‘ஆஸ்டின் 3:16’ சட்டை சட்டையாக விற்றது. நிறுவனமோ மறு வருடமே அந்தத் தழுவல் காட்சியைத் தன் நிகழ்ச்சியிலேயே போட்டுக் காட்டியது. வேடம் கலைந்ததால் தொழில் சாகவில்லை. தெருக்கூத்தில் கட்டியங்காரன் நடுவில் புகுந்து ராஜாவையே நக்கலடித்தாலும் விடியும்வரை கூட்டம் உட்கார்ந்திருக்கிறதே, அப்படித்தான்.

இரண்டாம் வாக்கு அப்படியல்ல. அதற்குப் பிணைத்தொகையே வாங்கினார்கள். பல ஊர் அமைப்பாளர்களின் கூட்டமைப்பான என்.டபிள்யூ.ஏ.வில் சாம்பியன் ஆகிறவர் 25,000 டாலர் கட்ட வேண்டியிருந்தது. சொன்ன நாளில் சொன்ன ஆளிடம் தோற்று பெல்ட்டை ஒப்படைப்பார் என்பதற்கு உத்தரவாதம். 1991-இல் அந்தத் தொகை திரும்பி வராததால் ரிக் ஃப்ளேர் பெல்ட்டைத் தூக்கிக்கொண்டு டபிள்யூ.டபிள்யூ.எஃப்.புக்கே போய்விட்டார். பிணை கேட்கும் அளவுக்கு அமைப்பாளர்கள் பயந்ததற்குக் காரணம் பழையது. 1925 ஏப்ரல் 15-இல் பிலடெல்ஃபியாவில், தோற்பதாக ஒப்புக்கொண்டு இறங்கிய ஸ்டானிஸ்லாஸ் ஸ்பிஸ்கோ, கால்பந்து வீரராக இருந்து சாம்பியனாக்கப்பட்ட வெய்ன் மன்னை நிஜமாகவே மல்யுத்தம் செய்து மண்ணைக் கவ்வ வைத்தார். நிஜ மல்யுத்தம் தெரியாதவரைச் சாம்பியனாக்கினால் என்ன ஆகும் என்று அன்று தெரிந்தது. பின்னாளில் லூ தெஸ் போன்ற நிஜப் பிடிகள் தெரிந்தவர்களிடம் பெல்ட்டைக் கொடுத்து வைத்ததும் அதனால்தான்.

இந்த வரிசையில்தான் கனடாவின் மாண்ட்ரியல் நகரில் நடந்தது வருகிறது. 1995 டிசம்பரில் அலண்ட்ரா பிளேஸ் டபிள்யூ.டபிள்யூ.எஃப். பெண்கள் பெல்ட்டைக் கொண்டுபோய், டபிள்யூ.சி.டபிள்யூ. நேரலையில் குப்பைத் தொட்டியில் போட்டிருந்தார். இரண்டு வருடம் கழித்து சாம்பியன் பிரெட் ஹார்ட் அதே நிறுவனத்துக்குப் போகிறார். 20 வருட ஒப்பந்தம் கொடுத்த டபிள்யூ.டபிள்யூ.எஃப். முதலாளி வின்ஸ் மக்மஹனே, பணமுடையில், வேறு இடம் பார்க்கச் சொல்லியிருந்தார். சொந்த நாடான கனடாவில் மைக்கேல்ஸிடம் தோற்கமாட்டேன் என்றார் ஹார்ட். கடைசி 30 நாட்கள் தன் ஆட்டக் கதையில் நியாயமான அதிகாரம் ஒப்பந்தப்படி அவருக்கு இருந்தது. கைகலப்பில் ஆட்டம் ரத்தாகும் என்று பேசி முடித்தார்கள்.

1997 நவம்பர் 9. ‘ஷார்ப்ஷூட்டர்’ பிடியைக் கவனியுங்கள். மல்லாந்து கிடப்பவரின் கால்களுக்கு நடுவில் தன் காலை நுழைத்து, அவர் கால்களைப் பின்னி, குப்புறப் புரட்டி, முதுகை வளைத்து உட்காருவது. கீழே கிடப்பவர் காலை விட்டுக்கொடுக்காமல் அந்தப் பிடி விழவே விழாது. மைக்கேல்ஸ் போட, ஹார்ட் அவர் காலை இழுத்துத் திருப்பிவிட வேண்டும், அதுதான் பேச்சு. ஹார்ட் காலைக் கொடுத்தார். அவர் கை மைக்கேல்ஸின் காலைத் தேடிப் போகும்போதே, ரிங்கோரம் நின்ற மக்மஹன் மணியடிக்கச் சொல்லிக் கத்தினார். நடுவர் ஏர்ல் ஹெப்னர் ஆட்டம் முடிந்ததாகக் காட்டிவிட்டு ஓட்டம் பிடித்தார்.

இதை வியாபார சாமர்த்தியம் என்று மெச்சுகிறவர்கள் உண்டு. எனக்கு உடன்பாடில்லை. நம்பிக் கொடுத்த காலை வைத்தே தோற்கடித்தார்கள். அடுத்த நாள் எந்த ஆட்டக்காரர் எந்தப் பிடிக்கு நிம்மதியாக உடம்பைக் கொடுப்பார்? ஜப்பானில் 1987 நவம்பரில் அகிரா மேதா செய்ததும் இந்த வகைதான். ரிக்கி சோஷு இதே பிடியை இன்னொருவருக்குப் போட்டு, இரண்டு கையும் சிக்கி நின்றபோது, பின்னாலிருந்து முகத்தில் உதைத்துக் கண்குழி எலும்பை முறித்தார். நியூ ஜப்பான் நிறுவனம் அவரை விலக்கியது.

இப்போது நிறுவனங்கள் ‘மீறல்’ என்பதையே சரக்காக்கி விற்கின்றன. நிஜ மீறலையும் எழுதிய மீறலையும் பிரித்தறிய நடுவரைப் பாருங்கள். நடுவர் ஆட்டக்காரரின் கையைப் பிடித்து அழுத்துவார், பதிலுக்கு அழுத்தினால் நலம். பதில் இல்லையென்றால் இரு கைகளையும் தலைக்குமேல் பெருக்கல் குறியாக உயர்த்துவார். நிஜக் காயம் என்று பொருள். ஆனால் கதைக்காகவும் அந்தக் குறியைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார்கள். ஆபத்துக் குறியைப் போய் அலங்காரமாக்கியது மடத்தனம் என்பேன்.

கேமரா அதைவிட நம்பகமான சாட்சி. மாண்ட்ரியலில் ஒளிபரப்பு அவசரமாக முடிந்தது. ஹார்ட் மக்மஹன் முகத்தில் துப்பினார், அது திரையில் வந்தது. அதன்பின் விரலால் காற்றில் டபிள்யூ.சி.டபிள்யூ. என்று எழுதியதும் கருவிகளை உடைத்ததும் நேரலை ரசிகர்களுக்குக் கிட்டவில்லை. 2011 ஜூன் 27-இல் லாஸ் வேகாஸில் சிஎம் பங்க் என்ற ஆட்டக்காரர் சம்மணமிட்டு உட்கார்ந்து நிறுவன முதலாளியைக் குடும்பத்தோடு திட்டித் தீர்த்தார். மைக் இடையில் நின்றுபோனது. கேமரா மட்டும் அவரைக் காட்டிக்கொண்டிருந்தது. எழுதிய மீறல் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.