கன்னாதிட்டியிலிருந்து ஐந்து சந்தி வரை

தலைவர் அவர்களே, ஆசிரியர்களே, பின்வரிசையில் நின்றுகொண்டிருக்கும் தம்பி தங்கையரே, எல்லோருக்கும் வணக்கம்.

யாழ்ப்பாணத்துக் கடைகளைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். எல்லாக் கடைகளையும் பேச நேரம் போதாது. ஒரு பாதையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பஸ் நிலையத்தில் இறங்கி, கஸ்தூரியார் வீதியால் கன்னாதிட்டிக்கு வந்து, பிறகு மேற்கே காங்கேசன்துறை வீதியையும் கடந்து ஐந்து சந்திப் பக்கம். மோட்டார் சைக்கிளில் கொஞ்ச நேரத்து வேலைதான். ஆனால் ஹெல்மெட்டோடு போகிறவர் கடைக்காரரோடு கதைப்பதில்லை. அதனால் நடந்து போங்கள் என்று கேட்க வந்திருக்கிறேன்.

கன்னாதிட்டி நகைக்கடைகளில் கண்ணாடி அலுமாரிகளைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். நகை செய்யும் பத்தர்மாரைத் தேடிப் பாருங்கள். எங்கள் கல்யாணம் அவர்களிடம்தான் தொடங்குகிறது. பொன்னுருக்கலுக்கு நாள் பார்த்து, மாப்பிள்ளை வீட்டார் கொடுக்கும் பொன் நாணயத்தைப் பத்தர் உருக்குவார். அந்தப் பொன் தாலிக்குப் போகும். தாலிக்கொடி 7 பவுண், 9 பவுண், 11 பவுண் என்று ஒற்றை எண்ணில்தான். ஒரு பவுண் 8 கிராம் என்பதால், இன்றைய விலையில் மாப்பிள்ளையின் தகப்பனார் அந்த எண்ணைக் கொஞ்சம் மெதுவாகத்தான் சொல்கிறார். ஆயத்த நகை வாங்கினால் கையில் ஒரு பற்றுச்சீட்டு வரும், அவ்வளவுதான். பட்டறையில் நின்றால் கூலி எவ்வளவு, சேதாரம் எவ்வளவு, ஏன் அவ்வளவு என்று கேட்கலாம். அந்தக் கேள்விக்குக் கோபிக்கிற பத்தரிடம் நகை கொடுக்க வேண்டாம்.

வழியில் பனம்பொருள் விற்கிற கடைகள் வரும். ஒடியல் என்பது பச்சைப் பனங்கிழங்கைக் காயவைத்தது, புழுக்கொடியல் அவித்துக் காயவைத்தது என்று கொழும்பிலிருந்து வரும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். ஒடியல் மாவை வாங்கும்போது எந்த வருடத்து மா என்று கேளுங்கள். கூழுக்குப் போட முன்னர் ஊறவைத்துப் பிழிந்தால்தான் கைப்பு போகும். பக்கெற்றில் அச்சடித்ததைவிட கடையில் விற்கிற அம்மா சொல்வது நீளமாக இருக்கும், சரியாகவும் இருக்கும்.

சைக்கிள் திருத்தும் கடைகளையும் விட்டுவிடாதீர்கள். போர்க்காலத்தில் அரசின் பொருளாதாரத் தடை இருந்தபோது இங்கே பெற்றோல் கிடையாது. மொறிஸ், ஒஸ்ரின் கார்களைச் சில துளி பெற்றோலில் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். வானொலிக்கு பற்றறி இல்லாதபோது சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைச் சுற்றி டைனமோவில் செய்தி கேட்டோம். அந்தக் கைவேலை தெரிந்தவர்கள் இன்னும் சில கடைகளில் ஸ்பனருடன் உட்கார்ந்திருக்கிறார்கள். அதை யாரும் எழுதி வைத்ததாகத் தெரியவில்லை என்பது என் வருத்தம்.

இனி ஐந்து சந்தி, முஸ்லிம்கள் வாழ்ந்த சோனகத் தெரு. இங்கே கொஞ்சம் மெதுவாக நடக்க வேண்டும். இரும்புச் சாமான், தையல், நகை, லொறி என்று இந்த நகரத்தின் வியாபாரத்தில் பெரும் பங்கு முஸ்லிம்களுடையதாக இருந்தது. 1990 ஒக்டோபர் 30 அன்று விடுதலைப் புலிகள் அவர்களை இரண்டு மணி நேரத்துக்குள் வெளியேறச் சொன்னார்கள். கடையையும் சரக்கையும் விட்டுவிட்டுப் போனார்கள். பலர் புத்தளத்தில் ஒதுங்கினார்கள். ஐந்து வருடம் கழித்து, 1995இல் அதே ஒக்டோபர் 30, இராணுவம் நெருங்கிவர நாங்களும் இந்த நகரம் இருக்கும் வலிகாமத்தை விட்டுக் கிழக்கே தென்மராட்சிக்கு வெளிக்கிட்டோம். எங்கள் இடம்பெயர்வைப் பற்றி மேடைக்கு மேடை பேசுகிறோம். அவர்களுடையதைப் பற்றி எத்தனை மேடையில் பேசியிருக்கிறோம்? போர் முடிந்த பிறகு சிலர் வந்து கடை திறந்திருக்கிறார்கள். வராதவர்கள்தான் அதிகம். திறந்திருக்கிற கடைக்குள் போங்கள். ஒரு பிளேன்ரீ குடியுங்கள். பழைய கதையை நீங்களாகக் கிளறாதீர்கள். அவர்களாகச் சொன்னால் இடையில் வெட்டாமல் கேளுங்கள்.

அப்புறம் இரண்டு நடைமுறை விஷயம். மத்தியான வெயிலில் போகாதீர்கள். காலை பத்து மணிக்குள் வெளிக்கிட்டால் கடைக்காரருக்கும் கதைக்க நேரம் இருக்கும். பையில் கொஞ்சம் காசு வைத்திருங்கள். ஒருவரை நிறுத்தி வைத்து இவ்வளவு கேட்டுவிட்டு ஒன்றும் வாங்காமல் வருவது நன்றாக இருக்காது. இனி உங்கள் கேள்விகளைக் கேட்கலாம்.